ஏற்றத்தில் மூச்சு முட்டும் கார்

அந்தச் சிவப்புக் கார் மறுபடியும் ஒழுங்காக ஓடித் தொலைத்தது.

தண்ணீர்த் தொட்டி மேடு என்று சொல்லப்படும் சாலை அது. செங்குத்தான ஏற்றம். உச்சியில் புதிதாக முளைத்த குடியிருப்பில் பாதி வீடுகள் இன்னும் காலி என்பதால் போக்குவரத்து குறைவு. காலையிலிருந்து மூன்று பேரும் அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால், இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மெலிதாக விசிலடித்தது. அடுத்த நொடி முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தும் வேகம். ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கிய வண்டிகூட இத்தனை சமர்த்தாக நடந்துகொள்ளாது.

முன் இருக்கையில் இருந்த துப்பறிவாளருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்கோடு வருகிறவர்களிடமெல்லாம் "நிதானம், நிதானம்" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது என்பது கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படிக் கூட இருப்பவள் பின் இருக்கையில் சாய்ந்திருந்தாள். அவருடைய மனைவியின் தங்கை. பல வருஷம் டாக்சி ஓட்டி, பயணிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், அக்கா புருஷனின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவள். சம்பளம் கொடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு மரியாதையும் கொடுக்க வேண்டும் என்று அந்த மச்சினிக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அத்தான், வண்டிக்கு நம்ம மேல நல்ல மரியாதை. பெரிய மனுஷங்க வந்திருக்காங்கன்னு ஒழுங்கா நடந்துக்குது."

"வாய மூடு."

"நான் மூடிடுவேன். கோளாறு வாயத் திறக்கணுமே."

ஓட்டிக்கொண்டிருந்தவள் சிரிக்கவில்லை. வண்டியை உச்சியில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"நில்லேன்! ஒரே ஒரு தடவ நில்லேன். என் உயிர வாங்கத் தெரியுதுல்ல, இவங்க முன்னாடி ஒரு தடவ செத்துப் போனா என்னவாம் உனக்கு?"

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். கார் நின்றுபோகக் கூடாதே என்று வேண்டுகிறவர்களை நிதானம் பார்த்திருக்கிறார். நின்றுபோ என்று கெஞ்சுகிறவளை அன்றுதான் பார்த்தார்.

அவள் பிசியோதெரபி செய்கிறவள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிப் போய்க் கை காலுக்குப் பயிற்சி கொடுப்பது வேலை. அதற்கான மின்சிகிச்சைப் பெட்டியும் மற்ற சாமான்களும் கார் டிக்கியை அடைத்துக்கொண்டு கிடக்கும். இந்தக் கார் சில மாதங்களாக அவளிடம் ஒரு விளையாட்டு காட்டி வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்றத்திலோ, எதையாவது முந்தும்போதோ, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்த நேரம் பார்த்துத் திடீரென்று மூச்சு முட்டினாற்போல உட்கார்ந்துவிடும். காலை எடுத்துவிட்டு மெதுவாக மிதித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிவிடும்.

போன வாரம் ஒரு லாரியை முந்தும்போது அப்படி உட்கார்ந்தது. எதிரே பஸ். எப்படியோ வண்டியை ஒடித்து ஓரத்துக் கம்பத்தில் உரசி நிறுத்தினாள். பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த மாமனாருக்கு நெற்றியில் தையல். அவளுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. பேச்சுத்தான் ரணமாக விழுந்தது.

பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றார் மாமனார். கணவன் அதை மறுக்கவில்லை. அவன் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, விற்பதற்கும் ஆள் பிடித்துவிட்டான். வாங்குகிறவர் இன்று மாலை வருகிறார். அதனால்தான் நேற்று அவள் நிதானத்தின் அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தாள்.

"கார் போனா என் வேலை போயிடும் சார்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுகூடப் பரவால்ல. நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அதை என்னால தாங்க முடியாது."

"நிதானம்மா, நிதானம்," என்றார் துப்பறிவாளர், பல்லைக் கடித்தபடி.

"அத்தான், முதல்ல நீங்க கதவுக் கைப்பிடிய விடுங்க. பிச்சுடுவீங்க போலிருக்கு."

---

ஒர்க்‌ஷாப்பில் அவர்களுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, துப்பறிவாளரும் மச்சினியும் ஆளுக்கொரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார்கள். ஒர்க்‌ஷாப்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். இந்த வண்டியின் பேரைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது.

"பல தடவ வந்தாச்சு சார் இது. பிளக்க மாத்தினேன், பொறி கொடுக்கிற காயில மாத்தினேன், பெட்ரோல் பம்ப்ப சோதிச்சேன். டர்போலேர்ந்து போற குழாய் ஒவ்வொண்ணையும் கழட்டிக் காத்தடிச்சுப் பாத்தேன். ஒரு பொட்டு ஓட்டை கிடையாது."

"கம்ப்யூட்டர் போட்டீங்களா?"

"போடாம? இஞ்சினுக்குக் காத்து பத்தலன்னு ஒரு பழைய கோளாறு காட்டிச்சு. அதை அழிச்சிட்டு ஓட்டினா திரும்ப வரல. வராத கோளாறை நான் எங்க போய்த் தேடறது?"

நிதானம் டயரிலிருந்து எழுந்துவிட்டார். "காத்து பத்தலன்னு கம்ப்யூட்டரே சொல்லிருக்கு. அப்ப அந்தம்மா சொன்னது உண்மைதானே? அதை அவங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் எங்க சார் அதைக் கேட்டாரு? 'இப்ப ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டாரு. இப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

துப்பறிவாளருக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுக்கலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது. ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணின் மானம் பிழைத்திருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர்களால்தான் தனக்குப் பிழைப்பு நடக்கிறது என்றும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் எரிந்தது.

"ஆனா ஒண்ணு சார்," ஒர்க்‌ஷாப்காரர் சமாதானமாகச் சொன்னார். "இந்த மாதிரி சுத்தமா வச்சுக்கற வண்டிய நான் பாத்ததில்ல. பானட்டத் திறந்தா அப்படியே மின்னும். காத்து வடிகட்டிப் பெட்டிக்கு உள்ளகூடத் துடைச்சு வச்சிருக்கும். மத்தவங்க வண்டியக் கழுவச் சொல்லி எங்கிட்ட விடுவாங்க. இவங்க கழுவி எடுத்துட்டு வர்றாங்க!"

"ஒர்க்‌ஷாப்புக்குக் குளிச்சிட்டு வர்ற வண்டி," என்றாள் மச்சினி. "எங்க அத்தானே வாரத்துல ரெண்டு நாள் மறந்துடுவாரு."

 அழுக்காவதற்கென்றே போகிற இடத்துக்கு யார் குளித்துவிட்டுப் போவார்கள் என்ற கேள்வி நிதானத்தின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பதில்தான் வருவேனா என்றது.

---

காரைத் திருப்பி விடப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீடு. மருமகளிடம் சாவி இருந்தும், மாமனார் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். மணியை அடித்தார்கள். உள்ளே சரசரவென்று சத்தம். எதையோ இழுப்பதும் உதறுவதும் கேட்டது. நின்று நின்று மச்சினி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிவிட்டாள்.

"உள்ள யாராவது பிணத்த ஒளிக்கறாங்களா அத்தான்?"

கதவு திறந்தது. நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டிய பெரியவர் மூச்சு வாங்க நின்றார். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. "வாங்க, வாங்க," என்று சொல்லிக்கொண்டே அதை அலமாரிக்குள் திணித்து மூடினார். மாவு மில்லில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடையில் இன்னும் அந்த மேற்பார்வை இருந்தது. போகிற போக்கில் மேஜையை விரலால் தடவித் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பச்சை வெல்வெட் சோபா, டிவி, சாப்பாட்டு நாற்காலிகள் எல்லாம் நேற்று வாங்கியது போல இருந்தன. கணவன் பக்கத்து அறையிலிருந்து வந்தான். காதில் ஹெட்போனைப் பாதி கழற்றியபடி கேட்டான்.

"என்ன சார், திருடனப் பிடிச்சீங்களா?"

"காலையில ஒரு தடவகூட நிக்கல," என்று நிதானம் ஒப்புக்கொண்டார். 

"நிக்காது சார். நீங்க பக்கத்துல இருந்தா அவ கவனமா ஓட்டறா. தனியா போனா கவனம் எங்கியோ போயிடுது. வண்டிய சொல்லி என்ன பிரயோஜனம்?"

"நான் பொழுதன்னைக்கும் சொல்றேன்," என்றார் மாமனார். "மெதுவா போ, மெதுவா போன்னு. கேட்டாத்தானே?"

மருமகள் சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் வரவில்லை.

வெளியே வந்ததும் மச்சினி சொன்னாள். "எனக்கு அந்த வீட்டுக்காரரப் பாத்தா பத்திக்கிட்டு வருது."

"எனக்கு என்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது," என்றார் நிதானம். தெருமுனை வரை போன பிறகு சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி இல்லை. சோபா மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அன்றைய நாளுக்கு அது ஒன்றுதான் குறைச்சல். முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தார்.

இந்தத் தடவை கதவு தாழிடப்படவில்லை. தட்டியதும் தானே திறந்துகொண்டது. உள்ளே பார்த்தவர் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தார். பச்சை சோபாவைக் காணோம். அதன் மேல் வெள்ளைத் துணி உறை, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. டிவிக்கு உறை. நாற்காலிகளுக்கு உறை. ரிமோட்டுக்கு ஒரு பை, பைக்கு ஒரு ரப்பர் வளையம்.

"ஐயய்யோ, இருங்க சார், உள்ள வராதீங்க!" பெரியவர் பதறிக்கொண்டு ஓடிவந்து உறைகளை உருவ ஆரம்பித்தார். "தெரியாம போச்சு. மனுஷங்க வர்ற நேரத்துல இப்படி மூடி வச்சிருந்தா மரியாதையா இருக்காது பாருங்க... இதோ, இப்ப உக்காருங்க."

நிதானம் உட்காரவில்லை. வெளியாள் வந்ததும் உறை உரித்துக் காட்டிய அந்தப் பச்சை சோபாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்காகத் திரும்பி வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. கண்ணாடியைப் பெரியவர்தான் எடுத்துக் கையில் கொடுத்தார்.

---

தெருமுனை டீக்கடைக்கு மருமகளை வரவழைத்தார்கள். நிதானம் ஒரே மூச்சில் சொன்னார்.

"உடனே வண்டி வாங்க வர்றவருக்கு போன் பண்ணி நாளைக்கு வரச் சொல்லுங்க. அப்புறம் வீட்டுல போய், 'இன்னிக்கு யாரும் வரல'ன்னு உங்க மாமனார் காதுல நல்லா விழற மாதிரி சொல்லுங்க. மேட்டு மேல இருக்கிற நோயாளி வீட்டுக்கு அவசரமா போகணும்னு சொல்லுங்க. நாங்க மேட்டடியில நிப்போம். ஆனா வண்டிய நீங்க ஓட்டக் கூடாது. உங்க வீட்டுக்காரர் ஓட்டணும்."

"அவர் எதுக்கு சார் வருவாரு?"

"எனக்குப் பயமா இருக்கு, நீங்களே கொண்டு விடுங்கன்னு கேளுங்க. வருவாரு."

அவள் முகம் மாறியது. டீ கிளாஸை டக்கென்று வைத்தாள். "அத மட்டும் என்னால சொல்ல முடியாது சார். இத்தனை மாசமா பயமில்ல, பயமில்லன்னு சண்டை போட்டுட்டு இருக்கேன். இப்ப நானே போய் பயமா இருக்குன்னு சொல்றதா?"

"அக்கா," என்றாள் மச்சினி. அவள் குரலில் அந்த ஒரு முறை கேலி இல்லை. "நானும் டாக்சி ஓட்டினவ. பின்னாடி உக்காந்து எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்காத ஆம்பளையே கிடையாது. ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க. வட்டியோட திருப்பி வாங்கிக்கலாம்."

 மருமகள் எழுந்து வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

டீக்கடையிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் தெரியும். இரண்டாவது டீ ஆறுவதற்குள் பெரியவர் வெளியே வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். சிவப்புக் காரின் பானட்டைத் தூக்கினார். அவர் முதுகு மறைத்ததால் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. எதையோ கழற்றி மறுபடி மாட்டுகிறார் என்பது மட்டும் தோள் அசைவில் தெரிந்தது. பானட்டை மெதுவாகச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மச்சினி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். "அடப்பாவி மனுஷா! மாமனாரே வில்லன்! மருமக வண்டி ஓட்டக் கூடாதுன்னு வேணும்னே கெடுத்து வைக்கிறாரு அத்தான். வாங்க, கையும் களவுமாப் பிடிச்சிடலாம்."

"உக்காரு."

"இனிமே என்ன உக்கார்றது? சொந்த மகனையும் மருமகளையும் சாகடிக்கப் பாக்கறாரு!"

"அவர் காரைக் கெடுத்தவர்னா, தையல் ஏன் அவர் நெத்தியில இருக்கு? கெடுத்தவன் அந்த வண்டியில ஏறுவானா?"

"அன்னிக்கு ஏதோ மறதியா ஏறியிருப்பாரு."

"இன்னிக்கு ஏறுறாரான்னு பாப்போம்."

கணவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தான். ஜெயித்தவனின் நடை. அவன் பின்னால் மருமகள், தரையைப் பார்த்தபடி. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள் என்று அவள் தோளே சொன்னது. கடைசியாகப் பெரியவர் வந்தார். முன் கதவைத் திறந்து, மகனுக்குப் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

மச்சினியின் வாய் திறந்தது. சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டது. துப்பறிவாளருக்கு அந்த நாளில் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். அதை அனுபவிக்க நேரமில்லை. இருவரும் தங்கள் பழைய வண்டியில் குறுக்குத் தெரு வழியாகப் பறந்தார்கள்.

---

மேட்டடியில் இவர்களைக் கண்டதும் கணவனுக்கு முகம் கடுத்தது. மருமகள் ஜன்னலை இறக்கி, "ஏறிக்கோங்க சார்," என்றாள். இருவரும் பின்னால் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள்.

விசித்திரமாக நடந்துகொண்டவர் பெரியவர்தான். இவர்கள் உட்கார்ந்த நொடியிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒரு நிமிஷம் நிறுத்துப்பா. எறங்கணும்."

"எதுக்குப்பா?"

"ஒரு சின்ன வேலை. பானட்டத் திறந்து ஒண்ணு எடுத்துடறேன். வெளியாளுங்க வந்திருக்காங்க இல்ல..."

"அப்புறமா எடுத்துக்கலாம்ப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு," என்று மகன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

மச்சினி துப்பறிவாளரின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவர் இடியை வாங்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், செங்குத்தான ஏற்றம். டர்போ விசிலடித்தது. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. பாதி மேடு ஏறியது.  இப்போதும் ஓடிவிட்டால், பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்ன வாக்கியம் உண்மையாகவே நின்றுவிடும்.

விசில் நின்றது. யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல இஞ்சின் கம்மியது. வேகம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மிதிங்க," என்றாள் மருமகள் பின்னாலிருந்து.

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்!"

"முழுசா மிதிங்க."

"முழுசாத்தான்! கால் தரையைத் தொடுது!" கணவனின் நெற்றியில் வியர்வை பூத்தது. கார் தவழ்ந்தது, குலுங்கியது, பின்னுக்குச் சரியப் பார்த்தது. அவன் அவசரமாகக் கைபிரேக்கை இழுத்தான்.

"சார்," மச்சினி மிக மரியாதையாகக் கேட்டாள். "பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் குழப்பிக்கிட்டீங்களோ?"

 மருமகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வண்டியை ஓரம் கட்டி அணைத்தார்கள். நிதானம் பானட்டைத் தூக்கினார். ஒரு மூலையில் கறுப்புப் பெட்டி, காற்று வடிகட்டி இருக்குமிடம். ஓரத்து கிளிப்புகளை விடுவித்து மேல் மூடியைத் தூக்கினார். வடிகட்டிக்கு மேலே, பூப்போட்ட ஒரு பழைய தலையணை உறை. ஓரம் தைத்து, அளவாக வெட்டியது. அதன் நடுப்பகுதியில் மட்டும், குழாயின் வாய் அளவுக்கு உறிஞ்சி இழுக்கப்பட்ட சுருக்கம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"அது என்னோடதுதான்," என்றார் பெரியவர், காரிலிருந்து இறங்கி வந்து. அவர் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. கூச்சம்தான் இருந்தது. "யாராவது பாத்தா அசிங்கமா நெனைப்பாங்கன்னுதான் எடுக்கப் பாத்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும்போதெல்லாம் எடுத்துத் தொடச்சிட்டுத்தான் அனுப்புவேன். நேத்து நீங்க வர்றீங்கன்னதும் எடுத்துட்டேன்."

"இது எதுக்குங்க ஐயா?"

"தூசிக்குத்தான். எங்க மில்லுல மோட்டாருக்குக் காத்து போற வாய்ல துணி கட்டுவோம். மாவு உள்ள போகாது, மோட்டார் வருஷக்கணக்கா ஓடும். மருமக மண்ணும் புழுதியுமா ஊரெல்லாம் சுத்தறா. கம்பெனிக்காரன் ஒரு வடிகட்டிதான் வச்சிருக்கான். நான் மேல ஒண்ணு போட்டேன். வண்டி ரொம்ப நாள் உழைக்கணுமேன்னு."

நிதானம் அந்த உறையைக் கையில் எடுத்தார். பெரியவர் மேல் கோபப்படத்தான் அவருக்கு ஆசை. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எங்கேயாவது கொட்ட வேண்டுமே. ஆனால் அந்தத் தையல் அத்தனை நேர்த்தியாக இருந்தது.

"உங்க மில் மோட்டார் ஒரே சீரா ஓடும்ங்க ஐயா. இது டர்போ வண்டி. மெதுவா போனா கொஞ்சமா காத்து இழுக்கும். அப்ப துணி பேசாம படுத்திருக்கும். ஏத்தத்துலயும் முந்தும்போதும் முழு வேகத்துல காத்த உறிஞ்சும். துணியையும் சேத்து உறிஞ்சிக் குழாய அடைச்சுக்கும். கால எடுத்தா துணி திரும்பப் படுத்துடும். வெளியாளுங்க தேடும்போது துணியே இருக்காது. கோளாறு அந்தம்மாவுக்கு மட்டும்தான் வந்துச்சு, ஏன்னா இந்த வண்டிய உறையோட ஏத்தத்துல ஓட்டினது அவங்க மட்டும்தான். உங்க பையன் சமதளத்துலதானே ஓட்டிப் பாத்தாரு. உங்களுக்கு அவங்க வீட்டு மனுஷி. எங்களுக்குத்தான் உறையக் கழட்டினீங்க."

பெரியவர் கை தானாக நெற்றிப் பிளாஸ்டருக்குப் போனது. லாரி, பஸ், கம்பம் எல்லாம் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து போனது தெரிந்தது.

"நான் பாத்துப் பாத்துத்தானேம்மா செஞ்சேன்," என்றார் மருமகளிடம். 

"வண்டியப் பாத்தீங்க மாமா," என்றாள் அவள்.   "துணி போட்டதுக்கு நான் கோவிச்சுக்கல. அது தெரியாம செஞ்சது. நிக்குது நிக்குதுன்னு நான் எத்தனை தடவ சொல்லிருப்பேன்? பஸ் முன்னாடி போய் நின்னோமே, அன்னிக்கு நைட்டு நான் தூங்கவே இல்ல. பக்கத்து அறையில நீங்க எல்லாருக்கும் போன் பண்ணி, அவளுக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லிட்டு இருந்தீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், இவ சொல்றது நெஜமா இருக்குமோன்னு நெனச்சீங்களா?"

 கணவன் தொண்டையைக் கனைத்தான்.

"சரி, விடு. கண்டுபிடிச்சாச்சு இல்ல? வா, நேரமாச்சு," என்று ஓட்டுநர் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

அவள் கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தான். அவள் உட்கார்ந்து இருக்கையைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவன் மறுபக்கம் சுற்றி வந்து கதவைத் திறக்கப் போனான். அந்தக் கதவுக்கு மட்டும் உள்ளிருந்து பூட்டு விழுந்தது.

"நீங்க நடந்து வாங்க."

"என்ன வெளையாடறியா? எனக்கு மீட்டிங் இருக்கு!"

"எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கீங்க. நடை இடுப்புக்கு ரொம்ப நல்லது. பிசியோ சொல்றேன், கேளுங்க. அப்படியே அந்த வாங்க வர்றவருக்கு போன் பண்ணி, வண்டி விக்கிறதுக்கு இல்லன்னும் சொல்லிடுங்க."

மச்சினி நிதானத்தைப் பின்னால் தள்ளித் தானும் ஏறிக்கொண்டாள். "அத்தான், வட்டி வசூலாகுது. குறுக்க பேசிடாதீங்க."

பெரியவர் மட்டும் காருக்கு வெளியே தயங்கி நின்றார். கையில் அந்தத் தலையணை உறை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உறையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விபத்து நடந்த அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே பின் இருக்கையில் ஏறினார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கைபிரேக்கை விட்டாள்.

முதலில் மெதுவாகத்தான் ஏறினாள். இத்தனை நாள் பட்ட பயம் காலில் இருந்தது. எந்த நொடியும் உட்கார்ந்துவிடும் என்று காத்திருப்பவள் மாதிரி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். நிதானம் ஏதாவது சொல்லலாமா என்று வாயெடுத்தார். அதற்குள் பக்கத்திலிருந்து பெரியவரின் குரல் வந்தது. அந்தக் காரில் ஏறிய நாள் முதலாக மெதுவா போ, மெதுவா போ என்று மட்டுமே சொல்லிவந்த குரல்.

"அழுத்தும்மா," என்றார். "இன்னும் நல்லா அழுத்து. நான் இருக்கேன்."

அவள் கண்ணாடியில் அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாள். டர்போ விசிலடித்தது. நான்கு பேரின் முதுகும் இருக்கையோடு ஒட்டிக்கொண்டன. அதே கண்ணாடியில், மேட்டின் நடுவே, போனைக் காதில் வைத்தபடி ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான்.